பெஞ்சில் என் பக்கத்து இடம்

பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையின் காலுறை நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. உதவிக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வதே அதுதான். பையன்களின் காலுறைதான் நாறும் என்று பலருக்கு ஒரு நினைப்பு. மழைநாளில் மேட்ச் முடிந்ததும் எங்கள் அறைக்கு வந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கும் அவசரம் இல்லை. தட்டச்சு செய்யும் தம்பிக்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். அவருக்கு வலது மணிக்கட்டு வலிக்கிறது போலிருக்கிறது, அடிக்கடி உதறிக்கொள்கிறார். என் பை உங்களிடம்தானே இருக்கிறது. அதில் அகலமான டேப் இருக்கும். இரண்டு சுற்று சுற்றிவிட்டால் சாயங்காலம் வரை தாங்கும். வேண்டாம் என்றால் விடுங்கள்.

எங்கள் அகாடமியை நடத்துவது என் அண்ணன். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் இடம். அண்ணன் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவன். ஆட்டத்தைவிட நன்றாகக் கத்துவான். மைதானத்தின் இந்த மூலையில் நின்று "தூக்காத, உருட்டு" என்று அவன் கத்தினால், அந்த மூலைக்கு அப்பால் சாலையில் போகிற சைக்கிள்காரர் தன்னைத்தான் சொல்கிறான் என்று இறங்கி நின்றுவிடுவார். அண்ணி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வாள். நான் கால்களைப் பார்த்துக்கொள்வேன். கட்டுப் போடுவது, உருவி விடுவது, ஐஸ் வைப்பது, பூட்ஸ்களைச் சுத்தம் செய்வது எல்லாம் என் வேலை. பெரிய கிளப்புகளில் இதற்கு நாலு பேர் இருப்பார்கள், நாலு பேருக்கும் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கும். எங்களிடம் நான் ஒருத்தி.

கேலரிப் படிக்கட்டுக்கு அடியில் என் அறை. மேலே பெற்றோர்கள் குதித்தால் என் தலையில் சுண்ணாம்பு உதிரும். பிள்ளைகள் படுக்கிற கட்டிலின் ரெக்சின் கிழிந்துபோய், கிழிசலுக்கும் நானே டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். மூலையில் ஒரு ஐஸ் மெஷின். எப்போது கேட்டாலும் ஒரு பாட்டம் முனகிவிட்டுத்தான் ஐஸ் தரும். அதனால் பிள்ளைகள் அதற்கு 'சம்பந்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "அத்தை, சம்பந்தி இன்னிக்கு ரொம்பக் கோவமா இருக்கு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சந்தோஷமான அறை அது. நீங்கள் பூட்டு போட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். மெஷினை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தரையெல்லாம் தண்ணீர் ஆகிவிடும்.

ஆரம்பத்தில் எல்லாரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் மகள் நடக்கப் பழகியதே அந்த மைதானத்தில்தான். "அத்தை, அத்தை" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். அதைக் கேட்டுக் கேட்டு மற்ற பிள்ளைகளும் அத்தை என்றார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமலே ஒரு டீம் முழுவதற்கும் அத்தை ஆனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பூட்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கால்பந்து பூட்ஸின் அடியில் கட்டை கட்டையாகத் திருகியிருக்குமே, அதை ஸ்டட் என்போம். காய்ந்த தரைக்குக் குட்டை, ஈரத் தரைக்கு நீளம். ஒருநாள் மேட்சுக்குச் சற்று முன்னால் மழை பிடித்துக்கொண்டது. நான் அரக்கப் பரக்க எல்லார் பூட்ஸிலும் ஸ்டட்டை மாற்றி, நேரமில்லாமல் நானே ஒவ்வொருத்தியின் காலிலும் மாட்டி, முனையில் ஒரு தட்டு தட்டி அனுப்பினேன். அன்றைக்கு எதிர் டீமைப் பந்தாடிவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான், அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மேட்சுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். நான் ஸ்டட்களைச் சாவி போட்டு ஒருமுறை முறுக்கிப் பார்த்து, மாட்டி, கட்டி, தட்டுவேன். பதினேழு வயதுப் பெண்கள்கூட, வீட்டில் அம்மா தலை வாரவந்தால் கையைத் தட்டிவிடுகிறவர்கள், என்னிடம் குழந்தை மாதிரி காலை நீட்டுவார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் எப்போதும் மதிப்புக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கொக்கு விஷயம். எங்கள் அகாடமி வாசலில் பெரிதாக ஒரு படம் பார்த்திருப்பீர்கள், நாட்டு டீமின் சட்டை போட்டு, ஒற்றைக் காலை மடக்கி நிற்பாள். அவள்தான். எங்களிடம் வந்தபோது கால் மட்டும்தான் வளர்ந்திருந்தது, மற்றதெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. அதனால் கொக்கு. பந்து கிடைத்தால் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவாள். எங்கே ஓடுகிறாள் என்று அவளுக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. ஒருநாள் அதே ஓட்டத்தில் கோல்கம்பத்தில் போய் மோதி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அது விபத்து. அதில் என் கை இல்லை. அதை மட்டும் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த சீசன் முழுக்கக் கொக்கு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் சில மேட்சுகளில் அழுகைதான். என் தோளில் சாய்ந்து முந்தானையை நனைப்பாள். அழுது முடிந்த பிறகு போரடித்தது. நான் சொன்னேன்: "பந்தப் பாக்காத. அதத்தான் எல்லாரும் பாக்கறாங்க. பந்து இல்லாம யாரு ஓடறா, அவ எதுக்கு ஓடறான்னு பாரு."

பார்த்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். "அத்தை, அவ ஏன் ஓடாம அங்கயே நிக்கறா? அத்தை, நம்ம ஆளு திரும்பறதுக்கு முன்னாடியே தோளப் பாக்கறாளே, எதுக்கு?" நானும் சொன்னேன். எனக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அத்தனை வருடம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ஆட்டத்தைப் பற்றி என்னிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அண்ணன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஓடுவாளா, மாட்டாளா?" தப்பாகச் சொல்லவில்லை. அவன் வேலை அது.

கொக்கு எழுந்து வந்தபோது வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. யாரும் இல்லாத இடத்துக்குப் பந்தை அனுப்புவாள். அண்ணன் வாயைத் திறந்து திட்டப் போவான், அதற்குள் அங்கே ஒருத்தி வந்து சேர்ந்திருப்பாள். பெரிய கிளப்காரர்கள் வந்து கொத்திக்கொண்டு போனார்கள். பிறகு ஒருமுறை பேட்டியில் சொன்னாள்: "கால் ஒடஞ்சு பெஞ்ச்ல உக்காந்தேனே, அந்த வருஷம்தான் நான் கால்பந்தே கத்துக்கிட்டேன்." அண்ணன் பூரித்துப்போய் பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தான். பெற்றோர்கள் தலையாட்டினார்கள். எல்லாரும் அதை ஒரு அழகான பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஒருத்திதான் அதை ஒரு பயிற்சி முறை என்று எடுத்துக்கொண்டேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திறமை உள்ள பிள்ளைக்கு ஆட்டம் சுலபமாக வருகிறது. சுலபமாக வருவதால் அது யோசிப்பதில்லை. காலே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. ஒரு சீசன் காலைப் பிடுங்கி வைத்தால் கண் வேலை செய்யத் தொடங்குகிறது. கொக்குக்கு அது அதிர்ஷ்டத்தால் கிடைத்தது. ஆனால் விபத்துக்காகக் காத்திருந்தால் அதற்குப் பயிற்சி என்று பெயர் இல்லை. விபத்து எப்போதும் ஆள் மாறித்தான் வரும். யாருக்கு வேண்டுமோ அவளுக்கு வராது, கோல்கீப்பருக்கு வரும்.

தவிர, கொக்கு போன பிறகு பெஞ்ச் வெறிச்சென்று இருந்தது. அது ஒரு காரணம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

அடுத்தது குண்டூசி. ஒல்லிப் பிள்ளை, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் லேசான வலி. வளர்கிற வயதில் எல்லாருக்கும் வருவதுதான், நாலு நாளில் போய்விடும். நான் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்புல மெல்லிசா ஒரு விரிசல் இருக்கும்போல, இந்த சீசன் வேண்டாம் கண்ணு" என்றேன். அவள் நம்பினாள். அவள் அப்பா நம்பினார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் சொல்லிக்கொடுத்தேன். தங்கமான பிள்ளை, சொன்னதைக் கற்பூரமாகப் பிடித்துக்கொள்வாள்.

திரும்பப் போனபோது அவளுக்குப் பயம் வந்துவிட்டது. யாராவது எதிரே வந்தால் காலை இழுத்துக்கொண்டாள். எலும்பு இன்னும் சரியாகவில்லையோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம். டீம் தேர்வில் அவளை விட்டுவிட்டார்கள். இப்போது ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் போயிருந்தேன். கடை டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாவின் காலைக் கையில் வைத்துக்கொண்டே, "அத்தை, வலது பக்கம் தொறந்து கெடக்குது பாருங்க" என்றாள். சொல்லி வாயை மூடவில்லை, அந்தப் பக்கமாகத்தான் கோல் விழுந்தது. அந்தக் கண் அவளை விட்டு எங்கே போய்விடும்? நான் அன்றைக்கு வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனேன்.

யாருக்கும் தோன்றுகிற கேள்வியைத்தான் நீங்களும் கேட்டீர்கள். பார்க்கத்தான் வேண்டுமென்றால் சும்மா உட்கார வைத்தால் போதாதா என்று. அண்ணன் அதையும் செய்து பார்த்தான். கொக்கின் பேட்டிக்குப் பிறகு, ஆளுக்கு ஒரு மேட்ச் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முறை வைத்தான். நல்ல காலோடு உட்கார்கிற பிள்ளையை நீங்கள் பார்த்ததில்லை. உட்காருவதே இல்லை. முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். "என்னை எப்ப எறக்குவாங்க" என்பதைத் தவிர மண்டையில் ஒன்றும் ஓடாது. நான் ஏதாவது சொன்னால், "ம்ம், சரி அத்தை" என்று சொல்லிவிட்டு அண்ணனையே பார்க்கும். இறங்க முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர் பேச்சைக் கேட்பார்கள். இது என் அனுபவம்.

குண்டூசி விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு உறுத்தல் உண்டு. நான் பொய் சொன்னேன். பொய் எனக்குப் பழக்கமில்லை. வாராவாரம் அந்த முகத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்" என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. அந்த நேரத்தில் அண்ணன் ஒரு டாக்டரை அகாடமிக்கு வரவழைத்தான். இளம்பிள்ளை, ஆர்வமானவர். யார் "அம்மா" என்று முனகினாலும் உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிடுவார். இனிமேல் இல்லாத விரிசலை இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. அன்றோடு பொய்யை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என்னிடம் வந்த காயங்கள் எல்லாமே உண்மையானவை.

ரப்பர் என்று ஒருத்தி. உடம்பை எப்படி வேண்டுமானாலும் வளைப்பாள். எந்தக் காலால் உதைக்கிறோமோ அதைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள். ஊன்றி நிற்கிற கால்தான் முக்கியம். ஓடுகிறவள் திரும்பும்போது ஊன்றுகிற காலின் ஓரத்து ஸ்டட் கழன்று விழுந்தால் பாதம் ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும். அவளுக்குக் கணுக்கால். நான் ஓடிப்போய்த் தாங்கினேன், ஐஸ் வைத்தேன், தினமும் அவள் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றினேன். அவள் அம்மா ஒரு கூடைப் பழம் கொண்டுவந்து கொடுத்து, "பெத்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. பெஞ்சில் ரப்பர் மாதிரி கேள்வி கேட்டவள் யாரும் இல்லை. சில சமயம் நானே, "கொஞ்சம் மூச்சு விடுடி" என்று சொல்ல வேண்டிவரும். திரும்பி வந்து இரண்டு மேட்ச் ஆடினாள், அதே கணுக்கால் மறுபடி புரண்டது. அது தானாகப் புரண்டது. குளிர் நாட்களில் இப்போது லேசாக இழுத்து நடக்கிறாள் என்கிறார்கள்.

இன்னும் சில பேர் இருக்கிறார்கள். எத்தனை என்று கேட்டீர்கள், நான் எண்ணவில்லை. அண்ணனைக் கேட்டால் சொல்வான், அவனுக்கு ஒவ்வொரு காயமும் மனப்பாடம். பாவம், ஒவ்வொன்றுக்கும் அவன் மைதானத்தைத்தான் திட்டினான். ஸ்டட் கழன்று கிடந்தால், "தரை கல்லு மாதிரி இருக்கு, ஸ்டட்டு எப்படித் தாங்கும்" என்பான். ஒருமுறை புல் மொத்தத்தையும் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். பார்க்கப் பச்சைப் பசேல் என்று அழகாகத்தான் வந்தது.

இப்போது வாண்டு. அண்ணன் மகள்.

அவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன், அதனால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். பதினைந்து வயது. வாய் காதுவரை நீளம். அப்பனையே, "கோச் சார், தொண்டையில ஸ்டட் மாட்டியிருக்கீங்களா" என்று கேட்பாள். காலில் பந்து இருந்தால் நாலு பேர் சுற்றி நின்றாலும் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். அப்படி ஒரு காலை நான் என் கையில் பிடித்ததில்லை. கொக்கு, ரப்பர் எல்லாரும் இவளிடம் வந்து நிற்க வேண்டும். ஒரு பெரிய கிளப்காரர்கள் மூன்று முறை வந்து பார்த்துவிட்டு, அடுத்த சீசனுக்கு அனுப்பிவையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தங்குமிடம், படிப்பு எல்லாம் அங்கேயே. அண்ணிக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பிரிகிற கவலை. பெட்டி வாங்கப் போனபோது கடையிலேயே அழுதுவிட்டாள்.

எனக்குக் கவலை வேறு. வாண்டு இன்னும் காலால்தான் ஆடிக்கொண்டிருந்தாள். இந்த நிலையில் அனுப்பினால் அங்கே அவளை வெறும் ஓட்டக்காரி ஆக்கிவிடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் செய்ததை அண்ணன் மகள் என்பதற்காக இவளுக்குச் செய்யாமல் விட்டால் அது ஓரவஞ்சனை. அல்லது, சொந்தக் குழந்தை என்று வந்தால் கை நடுங்குகிறது என்று அர்த்தம். என் கை நடுங்கவில்லை. அவள் காலை நீட்டி, "அத்தை, இன்னிக்கு மூணு கோல், எழுதி வச்சுக்கோ" என்றாள். நான் மாட்டினேன், கட்டினேன், தட்டினேன்.

பக்கத்தில் ஒருத்தரும் இல்லாத இடத்தில் விழுந்தாள். திரும்பினாள், அவ்வளவுதான். ஒரு சின்னச் சத்தம். நான்தான் முதலில் ஓடினேன், முட்டியை முதலில் தொட்டதும் நான்தான். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அத்தை, விட்டுட்டுப் போகாத" என்றாள். நான் எங்கே போகப் போகிறேன்.

முட்டிக்குள் இருக்கும் நார் அறுந்துவிட்டது, கூடவே மெத்தை மாதிரி இருப்பதும் கிழிந்துவிட்டது. இரண்டு அறுவை சிகிச்சை. பெரிய மருத்துவர் அண்ணனையும் அண்ணியையும் தனியாக அழைத்து, நடப்பாள், மாடி ஏறுவாள், ஆட மாட்டாள் என்றார். அண்ணன் அன்றைக்கு மைதானத்துக்கு வந்து ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை. பிள்ளைகள் பயந்துபோனார்கள். அவளிடம் யார் சொல்வது என்று வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான், "டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. அவகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க, என்கிட்ட விடுங்க" என்றேன். விட்டார்கள். அவளிடம், "ஒரு சீசன் என் பக்கத்துல உக்காரு, எந்திரிச்சுப் போறப்ப உன்னப் பிடிக்க ஆளு இருக்காது" என்றேன்.

அந்த சீசன் என் வாழ்க்கையிலேயே நல்ல சீசன். முதலில் மைதானத்தின் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. ஊன்றுகோலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தேன். பந்தப் பாக்காத, பந்து இல்லாத ஆளைப் பாரு. ஒருநாள் தானாகவே சொன்னாள்: "அத்தை, அவங்க இடது பக்கத்து ஆளுக்கு மூச்சு வாங்குது. இடுப்புல கை வைக்கறா பாரு. அந்தப் பக்கமே போகச் சொல்லு." அண்ணனிடம் சொன்னேன். அந்தப் பக்கமே போனார்கள். இரண்டு கோல். நான் குனிந்து ஐஸ் பெட்டியில் எதையோ தேடுகிற மாதிரி அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நடுவர் எந்தப் பக்கம் சாய்கிறார், எந்த அம்மாவைப் பார்த்தால் எந்தப் பிள்ளை பதறுகிறது, எல்லாம் அவள் கண்ணில் பட்டது. கொக்குக்கு ஒரு வருடம் பிடித்ததை இவள் சீக்கிரமே பிடித்துவிட்டாள். இருவரும் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். அண்ணி ஒருநாள் எங்களைப் பார்த்துவிட்டு, "நீ மட்டும் இல்லேன்னா எம் பொண்ணு ஒடஞ்சு போயிருப்பா" என்றாள்.

அரையிறுதி நாள். பிள்ளைகள் உடைமாற்றும் அறையில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டினார்கள். மிளகு என்று புதிதாக வந்தவள், ஆள் சின்னது, காரம் அதிகம், நல்ல எதிர்காலம் உள்ளவள். வாண்டு அடுத்த சீசன் என் பக்கத்தில் உட்காருவாளா என்று தெரியவில்லை, பரீட்சை இருக்கிறது என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மிளகின் பூட்ஸை எடுத்துச் சாவி போட்டேன். மாட்டினேன், கட்டினேன், தட்டினேன். வாண்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மிளகு, அந்தப் பூட்ஸக் கழட்டு" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

மிளகு என்னைப் பார்த்தாள். வாண்டு ஊன்றுகோலை ஊன்றி வந்து அவளே கழற்றி, திருப்பி, ஓரத்து ஸ்டட்டை விரலால் தொட்டாள். அது அவள் உள்ளங்கையில் வந்துவிட்டது.

"எல்லார் பூட்ஸுக்கும் உன் கை இந்தப் பக்கம் திரும்புச்சு, அத்தை. மிளகோடதுக்கு மட்டும் அந்தப் பக்கம் திரும்புச்சு."

நான் சாவியைக் கீழே வைத்தேன்.

"என்னோடதும் இப்படித்தானா?"

"ஆமாடா கண்ணு" என்றேன். பொய் சொல்வதை விட்டுவிட்டேன் என்று சொன்னேனே.

"ரப்பர் அக்காவோடது?"

"அதுவும்தான்."

வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவன் எப்போது வந்தான் என்று தெரியாது. அவன் கத்துவான் என்று நினைத்தேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வாண்டு அந்த ஸ்டட்டை மூடிய கையிலேயே வைத்திருந்தாள். பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

ஆக, செய்தது நான்தான். குண்டூசியைப் பொய் சொல்லி உட்கார வைத்தேன், மற்றவர்களை ஸ்டட்டைத் தளர்த்தி உட்கார வைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்றை நீங்களே நினைத்துப் பாருங்கள். இத்தனை வருடம் அந்த அறையில் கோச் இருந்தான், டாக்டர் வந்து போனார், பெற்றோர்கள் இருந்தார்கள். என் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒருத்தர் பார்த்ததுண்டா? பதினைந்து வயதுப் பிள்ளை பார்த்துவிட்டாள். அப்படி ஒரு கண்ணை அவளுக்கு யார் கொடுத்தது? எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. பெருமையாகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அவள் திரும்ப ஆடுவாள் என்று நான் நிஜமாகவே நம்பினேனா என்று. இதற்கும் உண்மையையே சொல்லிவிடுகிறேன், தம்பி எழுதிக்கொள்ளட்டும். எத்தனையோ முட்டிகளைத் தொட்ட கை இது. மைதானத்தில் ஓடிப்போய் அவள் முட்டியில் கை வைத்தபோதே எனக்குத் தெரியும், இனி அவள் ஆடமாட்டாள் என்று. டாக்டருக்கு முன்னாலேயே தெரியும். சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் அவள் மைதானத்துப் பக்கமே வந்திருக்க மாட்டாள், நான் அந்த சீசன் முழுக்கப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்கும்.